ஹென்றியின் துரையும் என் வயிற்றெரிச்சலும்

ஹென்றி மேல் எனக்குப் பொறாமை. அறுபத்து நாலு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

தீவில், கெலுகோர் என்ற இடத்தில் எங்கள் வீடு, ஆறாவது மாடியில். இன்சூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போக்கர் ஆட நான்தான் ஆள் சேர்த்தேன். காசு வைத்து ஆட என் மனைவி கண்ணம்மை ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் புளியங்கொட்டை. பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கும் அதிரா வந்தாள். சூலியா தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் முகம்மது கனி வந்தார். கனிதான் ஒருநாள் ஹென்றியைக் கூட்டி வந்தார்.

ஹென்றி சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பதினெட்டு வயதில், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிறைக்கு வந்து, இன்றுவரை அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்வான். பெண் வீட்டு நாய்க்கு அவனைப் பிடிக்கவில்லையாம். பாதிரியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான்.

வந்தவன் ஒழுங்காக உட்காரமாட்டான். நாற்காலியை மூன்று தடவை சுற்றுவான். முதல் ஆட்டம் முடியும்வரை ஹெல்மெட்டைக் கழற்றமாட்டான். பிறகு நீச்சலடிக்கிறவர்கள் போடும் நீலக் கண்ணாடியை மாட்டிக்கொள்வான். "என் கண்ணப் பாத்தா சீட்டு தெரிஞ்சிடும்லா," என்பான். ராஜாவுக்கு அவன் வைத்த பெயர் துரை. ராணி, பெரிய சிஸ்டர். ஜாக்கி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான கிராணி. கையில் இருப்பதைச் சத்தம் போட்டுச் சொல்வான். "ரெண்டு துரைங்க வந்திருக்காங்க, ஒரு கிராணி குடை பிடிக்கிறாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க!" அது நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. அதிரா சிரித்துச் சிரித்தே சீட்டைக் கீழே போட்டுவிடுவாள்.

நான் அப்படி ஆடுகிறவன் இல்லை. புத்தகம் படித்து, கணக்குப் போட்டு, நிதானமாக ஆடுவேன். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். நான் ஜெயித்தால் "ம், செட்டியார் எடுத்துட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கனி தேத்தண்ணியை ஊற்றிக்கொள்வார். ஹென்றி தோற்றால் வீடே அதிரும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கண்ணம்மையைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் சீட்டைத் தொடமாட்டாள். ஹென்றி வந்த பிறகு மட்டும் வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வரவேற்பறையில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அவன் துரையைக் கூப்பிட்டால் இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. ஒண்ணே முக்கால் மணிக்கே பால்கனிக்குப் போய்க் கீழே பார்ப்பாள். "ஹென்றி இன்னும் வரலியே, பாலத்துல ஜாமோ?"

அவனைப் படித்தே தீருவது என்று ஒரு நோட்டுப் போட்டேன். எப்போது நிஜம் சொல்கிறான், எப்போது பொய், மூக்கைத் தொட்டானா, காலை ஆட்டினானா என்று நாலு மாதம் எழுதினேன். பாதி நிஜம், பாதி பொய். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

போன வருஷம் தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு ஒரு போட்டி வைத்தோம். ஜெயிக்கிறவருக்குக் கனி ஒரு கோப்பை வாங்கியிருந்தார். அதிராவுக்கு மாலையில் வேறு வேலை இருந்ததால் வழக்கமான இரண்டு மணியை விட்டுப் பதினொன்றுக்கே ஆரம்பிப்பது என்று முடிவானது. எங்களுக்கு வாட்சப் குழு உண்டு. ஹென்றியிடம் இருப்பது பழைய பட்டன் போன். அவனுக்கு மட்டும் நான் தனியாகச் செய்தி அனுப்புவேன். அன்று, "எப்பவும்போல ரெண்டு மணி" என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு நிதானமாகப் பேப்பர் படித்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பதினொன்றுக்கு ஹென்றி வரவில்லை. கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள் கண்ணம்மை. எடுக்கவில்லை என்றேன். பூசைக்குப் போகும்போது அவன் போனை அணைத்து வைப்பது எனக்குத் தெரியும். அவனில்லாமல் ஆடினோம். யாரும் சிரிக்கவில்லை. கண்ணம்மை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கோப்பையை நான் எடுத்தேன்.

சரியாக இரண்டு மணிக்குக் கதவு தட்டினார்கள். ஹென்றி. வெள்ளைக் கோட்டு, சிவப்பு வில் டை, கையில் ஒரு பொட்டலம் அல்வா. அந்த வெயிலில் பாலம் முழுக்கக் கோட்டோடு ஓட்டி வந்திருக்கிறான். கழுத்தெல்லாம் வியர்வை. மேசையில் கலைந்து கிடந்த சீட்டையும் கோப்பையையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்ன ஹென்றி, பதினொண்ணுன்னுதானே செட்டியார் சொன்னாரு?" என்றார் கனி.

ஹென்றி தலையில் அடித்துக்கொண்டான். "ஆமாண்ணே! ஒண்ணும் ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல நின்னுச்சா, கூட்டிப் பாத்து ரெண்டுன்னு வந்துட்டேன்லா!"

கண்ணம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னைக் காப்பாற்றுகிறான் என்று எனக்குப் புரிந்தது. அந்த நேரத்திலும் அவள் சிரிப்பைக் கேட்டு வயிறு எரிந்தது.

அவன் கிளம்பியபோது நானும் கீழே இறங்கினேன். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன். "வேணும்னுதான் அப்படி அனுப்புனேன், ஹென்றி."

"தெரியும்ணே. உள்ள நுழைஞ்சப்பவே உங்க காது செவந்து கெடந்துச்சு."

"காதா?"

"நீங்க பிளஃப் பண்ணா வலது காது செவந்துடும்ணே. ரெண்டு வருஷமா பாக்குறேன்."

நாலு மாதம் நோட்டுப் போட்டவன் நான். "அப்புறம் ஏண்டா என்கிட்ட தோத்துக்கிட்டே இருந்தே?"

ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டே சொன்னான். "நான் ஜெயிக்க ஆரம்பிச்சா நீங்க ஆட்டத்தையே நிறுத்திடுவீங்கண்ணே. ஒங்க வீடு இல்லன்னா ஞாயித்துக்கெழம நான் பிறையில என் ரூம்ல செவத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்." சாவியைத் திருப்பினான். "எனக்கும் பொறாமைதாண்ணே. ஆட்டம் முடிஞ்சு நான் எறங்கிப் போவேன். நீங்க இங்கயே இருப்பீங்க."

"அடுத்த வாரம் ரெண்டு மணி. நெசமாவே ரெண்டு மணி," என்று மட்டும் சொன்னேன். மேலே போய்க் கண்ணம்மையிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "அல்வா மிச்சம் இருக்கு, சாப்பிடுறீங்களா?" என்றாள்.

இந்த வருஷம் ஹென்றிக்கு முழங்காலில் ஆபரேஷன். மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் கெரெத்தாவை எடுத்துக்கொண்டு பிறைக்குப் போய் அவனைக் கூட்டி வருகிறேன். கண்ணம்மையும் கூட வருவாள். அவன் கால் நீட்டிக்கொள்ளட்டும் என்று காரின் முன் சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். பாலம் முடிகிறவரை இரண்டு பேரும் பேச்சுத்தான். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டுவேன்.