கழுத்தில் ஏறிய மண்

நாற்றுப் பண்ணையில் அவளுக்கு ‘பிளேடு அக்கா’ என்று பெயர். பேசிப் பேசி அறுத்ததால் வந்த பட்டமல்ல, கையில் எப்போதும் பாதி பிளேடு இருப்பதால் வந்தது. சுரை நாற்றின் கொழுந்தைக் கிள்ளிவிட்டு, அந்த இடத்தில் தர்பூசணிக் குருத்தைச் சீவிச் செருகிக் கிளிப் மாட்டுவாள். வேர் சுரையுடையது, கொடியும் காயும் தர்பூசணியுடையது. மண்ணில் கிடக்கும் வாடல் நோய்க்குத் தர்பூசணி வேர் என்றால் உயிர், சுரை வேரிடம் அதன் பாச்சா பலிக்காது.

நாற்று வாங்க வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடுவாள்.

“ஒட்டு போட்ட கழுத்து மண்ணுக்கு மேல தெரியணும். மண்ணு மூடிச்சுன்னா தர்பூசணி தானா வேர் விட்டுடும். அப்புறம் நான் ஒட்டினதும் ஒண்ணுதான், ஒட்டாததும் ஒண்ணுதான்.”

அவர்களும் தலையாட்டிவிட்டுப் போய் அப்படியே செய்தார்கள், விளைவித்தார்கள். அவளுடைய சொந்த நிலத்தில் மட்டும் இரண்டு வருடமாகக் காய் பிடிக்கிற நேரம் பார்த்துக் கொடி வாடியது. ஒட்டு நாற்று வைக்கலாம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பழத்தில் சுரைக்காய் வாடை அடிக்கும் என்று வீட்டுக்காரர் பிடித்த பிடியில் நின்றார். இந்த வருடம்தான் இறங்கி வந்தார், அதுவும் ஒரு குண்டைப் போட்டுவிட்டு.

“இந்தத் தடவையும் வாடிச்சுன்னா நிலத்த அண்ணன்கிட்ட விட்டுட்டு நான் லாரிக்குப் போயிடுவேன்.”

லாரி ஓட்டப் போன தன் தம்பியின் பிள்ளைக்கு அப்பா முகமே மறந்துபோனதை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் பண்ணை வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, தன் நிலத்துக்கான நாற்றுகளைத் தானே ஒட்டினாள். ஈரம் குறையாத பிளாஸ்டிக் கூடாரத்தில் பொத்திப் பொத்தி வைத்துத் தேற்றினாள். விடுமுறை நாளில் இருவரும் சேர்ந்து நட்டார்கள். ஒவ்வொரு கழுத்தும் மண்ணுக்கு மேலே இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அதன் பிறகு பண்ணையில் தலைக்கு மேல் வேலை. நிலத்தின் பக்கம் மறுபடி அவள் போனபோது கொடி ஓடத் தொடங்கியிருந்தது. முதல் செடியிடம் குனிந்தாள். தூரைச் சுற்றி அழகாக மண் அணைத்து, உள்ளங்கையால் தட்டி மெழுகியிருந்தது. கழுத்தைக் காணோம். அடுத்த செடியிலும் காணோம். வரிசை முழுக்க அதே கதை.

“யாரு பண்ணது இத?”

“நான்தான்,” என்றார் பின்னால் வந்த வீட்டுக்காரர், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு. “காத்துல எல்லாம் ஆடிச்சு. முறிஞ்சிடுமேன்னு மண்ணு அணைச்சேன். இடுப்பு போச்சு.”

“கழுத்துல மண்ணு ஏறக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“நடும்போது சொன்ன. நட்டது சரியாத்தானே நட்டோம்?”

அவளுக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஊரெல்லாம் கேட்கிற பேச்சு, ஒரே வீட்டில் ஒரே பாயில் படுக்கிற மனிதரின் காதில் பாதிதான் ஏறியிருக்கிறது.

ஓரத்து வரிசையில் சில கொடிகள் அப்போதே தொங்கிப்போயிருந்தன. ஒன்றைப் பிடுங்கி அவர் முன்னால் நீட்டினாள். அடியில் சுரை வேர் வெள்ளைவெளேரென்று திடமாக இருந்தது. அதற்கு மேலே, ஒட்டுக்கும் மேலே, தர்பூசணித் தண்டிலிருந்து கிளம்பிய மெல்லிய வேர்கள் பழுப்பேறிக் கிடந்தன.

“இது வழியாத்தான் நோய் ஏறுது. நீங்க கதவத் தொறந்து வெச்சிருக்கீங்க.”

அவர் அதை வாங்கி, பழுப்பேறிய வேரை விரலால் தடவினார். “நல்லா இருக்கட்டும்னுதான் பண்ணேன்,” என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளை அதிகமாக எரித்தது. சோம்பலில் செய்திருந்தால் வாய்விட்டுத் திட்டியிருக்கலாம். அக்கறையாகச் செய்து கெடுத்தவரை என்ன சொல்லித் திட்டுவது? பிளேடை எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள். மண்ணை விலக்கினாள், கழுத்துக்கு மேலே விட்ட வேரை அறுத்தாள், அடுத்த செடிக்கு நகர்ந்தாள். எத்தனை பிழைக்கும் என்று அவளுக்கே தெரியாது. அழுகை முட்டியது, அழ நேரமில்லை.

சற்று நேரத்தில் அவரும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, தான் தட்டித் தட்டி அணைத்த மண்ணை விரலால் விலக்க ஆரம்பித்தார். வரிசை பாதி முடிந்திருக்கும்.

“அடுத்த வருஷம் காத்தடிச்சா குச்சி நட்டுக் கட்டிடலாமா?” என்று கேட்டார்.

பிளேடு நின்றது. இந்த வருடமே போய்விட்டதோ என்று அவள் செத்துக்கொண்டிருக்கிறாள், மனிதர் அடுத்த வருடக் காற்றுக்குக் குச்சி தேடுகிறார். நிமிர்ந்து பார்த்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார்.

“அப்போ லாரி?”

“முதல்ல இத முடி,” என்றார்.

“அடுத்த வருஷம் நீங்க ஒரு செடியத் தொட்டீங்கன்னா நான் லாரிக்குப் போயிடுவேன்,” என்றாள். கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது.