வறட்டி என்று பெயர் வைத்த ஃபோல்டர்

கிர்கிஸ் மலைநாட்டில், எங்கள் கோக்-தாலா நிலப்பதிவு அலுவலகத்து நடைவழியில், மேலங்கி மாட்டும் ஆணி வரிசைக்கு எதிரே, ஒரு கௌரவப் பலகை இருக்கிறது. சோவியத் காலத்துச் சிவப்பு வெல்வெட் ஒட்டியது. அதில் பத்தொன்பது வருடம் ஸூராகான் அக்காவின் படம் தொங்கியது. பிறகு ஓர் ஏப்ரல் மாதம் அதை இறக்கிவிட்டு, அதே ஆணியில் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன் ஸாமிரின் படத்தை மாட்டினார்கள். அவன் படத்துக்குச் சட்டம் சின்னது. அக்காவின் படம் மறைத்திருந்த இடத்தில் வெல்வெட் வெளுக்கவில்லை. அதனால் அந்தப் பையனின் முகத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு அடர்சிவப்பு தெரியும். யாருடைய இடத்தில் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் அதைக் கடந்துதான் அக்கா மேலங்கியை மாட்டப் போவார். ஒரு நாளும் தலையைத் திருப்பியதில்லை. அவமானத்தில் குனிந்து போகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

அவரைத் தெரிந்தவர்கள் அப்படி நினைத்திருக்கக் கூடாது. கல்யாணமான புதிதில், ஒரு விருந்தில், அவர் வேகவைத்த இறைச்சியைக் கணவரின் அண்ணன் ‘செருப்புத்தோல்’ என்று சொல்லிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அக்கா அவரோடு ஒரு சொல் சண்டை போட்டதில்லை. வீட்டில் எப்போது ஆடு அறுத்தாலும் அவருக்கு முறையாகப் பங்கு வைப்பார். ஆனால் மூத்தவருக்கு வைக்க வேண்டிய இடுப்பெலும்பு வராது, வீட்டுப் பொடியன்களுக்கு வைக்கிற எலும்புதான் வரும். எழுபது வயது மனிதர் தட்டைப் பார்ப்பார், சுற்றிப் பார்ப்பார், தின்றுவிட்டுப் போவார். வாயைத் திறந்தால் செருப்புத்தோலைப் பற்றிப் பேச வேண்டி வருமே.

பதினேழு வயதில் தலைநகருக்குப் போய்த் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தவர் அக்கா. விசைகள் மேல் துணியைப் போர்த்தித்தான் தேர்வு வைப்பார்களாம். அங்கே கைவந்த ஒரு சாமர்த்தியம், அடுத்தவர் என்ன தட்டுகிறார் என்பதை விரல் போகிற இடத்தைப் பார்த்தே படித்துவிடுவார். ஒருமுறை நான் அலுவலக நேரத்தில் என் வீட்டுக்காரருக்கு நாலு வரி தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையிலிருந்து, ஓரக்கண்ணால் என் விரல்களைப் பார்த்தே சொன்னார்: “உருளைக்கிழங்கு வாங்கச் சொல்றதுக்கு எதுக்குடி இவ்வளவு திட்டு?”

எங்களிடம் பதினொரு கம்ப்யூட்டர்கள், எல்லாம் கிழடு. உரிமம் வாங்கப் பணமில்லை என்று எல்லாவற்றிலும் இலவச லினக்ஸைப் போட்டது ஸாமிர். இயக்குநர் சுயுன்பெக்கின் சகோதரி மகன் அவன். வியாழக்கிழமை தோறும் நாரின் நகரத்திலிருந்து வருவான். ஆபீஸ் மென்பொருளில் புதிய பதிப்பு வந்தால் ஒரு பென்டிரைவில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவருவான். திரையில் ஒரு கறுப்புச் சன்னலைத் திறப்பான். ஒரு வரி தட்டினால் மூட்டை பிரியும், இன்னொரு வரி தட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் ஏறிக்கொள்ளும். நடுவில் பாஸ்வேர்டு கேட்கும். அதைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது, எத்தனை எழுத்து என்றுகூட அடுத்தவருக்குத் தெரியாது. அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. “கண்ணு முழி பிதுங்கப் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது அக்கா. இது ஜாக்கிரதையான சாமான்” என்பான்.

அந்த வருடம் அக்கா ஏழு மாதமாக ஒரே வேலையில் இருந்தார். மலைமேல் குளிர்காலத் தொழுவங்கள் யார் யாருக்கு என்கிற பதிவேடு. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம், ஒவ்வொன்றுக்கும் வரைபடம். அதையெல்லாம் ஒரு ஃபோல்டரில் போட்டு, அதற்கு ‘தெஸெக்’ என்று பெயர் வைத்திருந்தார். தெஸெக் என்றால் வறட்டி. கண்ணேறு படக் கூடாத எதற்கும் இங்கே இப்படித்தான் பெயர் வைப்போம். அக்காவின் அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதுக்குத் தெஸெக்பாய் என்று வைத்தார்கள். அவர் இன்றைக்கு நூற்றுப் பத்து கிலோ.

ஏப்ரல் பதினான்காம் தேதி, வியாழன். ஸாமிர் அக்காவின் கம்ப்யூட்டரில் புதிய பதிப்பை ஏற்றிவிட்டுப் போனான். மறுநாள் காலை அக்கா திறந்தார். தெஸெக் இல்லை. குப்பைத்தொட்டியிலும் இல்லை.

ஸாமிரை நாரினிலிருந்து வரவழைத்துக் கேட்டார்கள். அவன் திரையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு மாமாவைப் பார்த்தான்.

“அக்கா எதையோ அழுத்தியிருக்காங்க மாமா. வயசானவங்க, பாவம், தெரியாமப் பண்ணியிருப்பாங்க.”

“நான் எதையும் அழுத்தல” என்றார் அக்கா.

“ஃபோல்டர் பேரு என்ன?” என்று கேட்டார் சுயுன்பெக்.

“தெஸெக்.”

அப்போது நான் சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. நான் சிரிக்கவும் மற்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள், இயக்குநரும் சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு ‘வறட்டி அக்கா’ என்று பெயர் ஆகிவிட்டது. கண்டன உத்தரவு அறிவிப்புப் பலகைக்குப் போனது, நகல் பணிக்கோப்பில் சேர்ந்தது. படம் இறங்கியது. அக்கா பழைய காகிதங்களை எடுத்து நானூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி முதலிலிருந்து தட்டினார். இன்னும் இரண்டரை வருடத்தில் ஓய்வு. முப்பத்தெட்டு வருட வேலையின் கடைசித் தாளில் அந்தக் கண்டனம் நிற்கப்போகிறது.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து ஸாமிருக்கு அவரே தேநீர் ஊற்றத் தொடங்கினார். அரைக் கிண்ணம், மறுபடி அரைக் கிண்ணம், மறுபடியும். விளிம்புவரை ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று அர்த்தம். அரைக் கிண்ணமாக ஊற்றினால் ‘இன்னும் இரு, எங்களுக்கு வேண்டியவன் நீ’. அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தேநீர்க் கெண்டியோடு நின்றுகொண்டே இருப்பார்.

“பாத்தீங்களா, அக்கா மனசுல ஒண்ணும் வச்சுக்கல” என்று எங்களிடம் சொன்னான். அவன் இரண்டு விரலால் தட்டுகிறவன். கோழி கொத்துகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவான்.

ஓராண்டு கழித்து எனக்குத் தெரிந்தது. மதிய உணவுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். நான் கைக்குட்டையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அக்கா திரையில் கறுப்புச் சன்னல். மடியில் ஒரு நோட்டு, முழுக்கச் சுருக்கெழுத்து.

“அக்கா! அவனோட பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படி...”

“மூணு வியாழக்கிழமை ஆச்சு. மொத நாள் ஆறு எழுத்து பிடிச்சேன். ரெண்டாம் நாள் தும்மிட்டான், கெட்டுப்போச்சு. மூணாம் நாள் முழுசும் கெடைச்சுது.” திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்னானே. விரலுக்கு முக்காடு போட மறந்துட்டான்.”

மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் அந்தச் சன்னல் பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டும் என்பதையும் அவனைப் பார்த்தே கற்றிருந்தார். அழுத்திக்கொண்டே போய் ஒரு வரியில் நிறுத்தினார். தெஸெக்கை, உள்ளிருக்கும் அனைத்தோடும், கேட்காமல் அழி. அதற்கு அடுத்த வரி, புதிய ஆபீஸ் மூட்டையைப் பிரி.

“எடம் பத்தல அவனுக்கு. மூட்டையப் பிரிக்க எடம் வேணும். பேரப் பாத்தான், வழிச்சு எறிஞ்சுட்டான்.”

“உடனே போய்ச் சொல்லலாம் வாங்க!” என்றேன்.

“எதுக்கு? இயக்குநர் கதவச் சாத்திக்கிட்டு அவன் காதத் திருகுவாரு. எனக்குக் காதுக்குள்ள ஒரு மன்னிப்பு சொல்வாங்க. என்னக் கூடத்துல வச்சுச் சிரிச்சாங்க, தாமாரா. கூடத்துலதான் முடியணும்.” நோட்டை மூடினார். “குளிர்காலத்துக்கு ஆடு அறுக்கிறவன் வசந்தத்துல கத்தி தீட்ட மாட்டான். கொழுக்கட்டும். நீ வாயத் திறந்தியோ, உனக்கும் என் வீட்டுக்காரரோட அண்ணனுக்கு வைக்கிற எலும்புதான்.”

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவர் மதிய நேரங்களில் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பதிப்பை ஒரு வரியில் அகற்றுவார், மறுவரியில் ஏற்றுவார். ஒருமுறை பாதியில் நின்று கம்ப்யூட்டர் முழுக்கச் சிவப்பாகக் கத்தியது. அக்கா ரொட்டியை மென்றுகொண்டே நோட்டைப் புரட்டிச் சரிசெய்தார். வீட்டில் கணவர் “விட்டுத் தொலையேன்” என்றாராம். “தொலைச்சது நான் இல்லையே” என்றாராம் இவர்.

இந்த நவம்பரில் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. மூன்று வாரத்தில் ஓய்வு. அப்போதுதான் நாரினிலிருந்து ஆய்வுக்குழு வருவதாகத் தகவல் வந்தது. வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு. மேய்ச்சல் ஒப்பந்தங்களின் புதிய படிவங்களைப் பதினொரு கம்ப்யூட்டரிலும் திறந்து காட்ட வேண்டும். பழைய பதிப்பில் அவை கட்டம் கட்டமாகச் சிதறின.

“ஒரு மணி நேரம் போதும் மாமா” என்று பத்து மணிக்கு உட்கார்ந்தான் ஸாமிர்.

கட்டளையைத் தட்டினான். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தான். ஒரு வரி வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனான். அதிலும் அதே வரி. ஐந்தாவதில் அவன் காதுகள் சிவந்துவிட்டன. ஒன்பதாவதில் இயக்குநர் எழுந்து வந்தார்.

“என்னடா எழுதியிருக்கு?”

“ஒண்ணுமில்ல மாமா, ஏதோ...”

சுயுன்பெக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து உரக்கப் படித்தார். “‘ஸாமிர் அனுமதிப் பட்டியலில் இல்லை. இந்த முயற்சி புகாராக அனுப்பப்படும்.’ புகாரா? யாருக்குடா போகும்?”

“எனக்குத்தான், அண்ணே. அந்தப் பட்டியல்ல இப்ப என் பேருதான் இருக்கு” என்றார் அக்கா.

கூடத்தில் எல்லோரும் அக்கா பக்கம் திரும்பினோம். அக்கா எழவில்லை. தன் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

“வா தம்பி. என் கம்ப்யூட்டர்ல உன் பேர்ல நுழை. அதுக்கு இன்னும் அனுமதி வச்சிருக்கேன். மேல் அம்ப அழுத்து.”

அழுத்தினான்.

“இன்னும். நூத்து நாப்பத்தாறு தடவ அழுத்தணும், எண்ணி வச்சிருக்கேன். பழைய வேலையெல்லாம் வரும், எல்லாரும் பாக்கட்டும். தாமாரா, அந்த ஜன்னல் திரைய இழு, வெளிச்சம் அடிக்குது.”

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி வந்தது. ஒன்பது பேரும் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டோம். நூறு தாண்டியதும் அவன் விரல் தானாக மெதுவானது.

“நிறுத்து. சத்தமாப் படி.”

அவன் விசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“ஏன், படிச்ச பிள்ளதானே? நான் வயசானவ, தெரியாம எதையாச்சும் படிச்சுடுவேன்.”

இயக்குநர்தான் படித்தார், ஒவ்வொரு சொல்லாக. தெஸெக் என்ற இடத்தில் குரல் இறங்கியது. அக்கா இழுப்பறையிலிருந்து பணிக்குறிப்பேட்டை எடுத்து விரித்து வைத்தார். ஏப்ரல் 14, புதிய பதிப்பு ஏற்றப்பட்டது, கீழே ஸாமிரின் கையெழுத்து.

“பதிப்பு எண்ணப் பாருங்க அண்ணே. அழிச்சதுக்கு அடுத்த வரியில இருக்கறதும் அதே எண்ணுதான்.”

“அக்கா, வறட்டின்னு போட்டிருந்துச்சு. குப்பைன்னு நெனச்சுட்டேன்.”

“வறட்டின்னு பேர் வச்சதத் தூக்கி எறியற கிர்கிஸ்காரன நான் இப்பத்தான் பாக்கறேன். வெளிய என் தம்பி வண்டியோட நிக்கிறான், அவனத் தூக்கி எறி பாப்போம்.” யாரும் சிரிக்கத் துணியவில்லை. “அழிச்சதுகூடப் பெரிசில்லடா. கை தவறும். என்னக் கை காட்டினியே. அதுக்கப்புறம் ரெண்டர வருஷம் என் கையால டீ குடிச்சியே, ஒரு நாளாச்சும் தொண்டையில நின்னுச்சா?”

மணி பதினொன்று. சுயுன்பெக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஸூராகான், குழு வந்துடும்மா. மொதல்ல இந்தக் கம்ப்யூட்டருங்களை...”

“மொதல்ல படம், அண்ணே. அவன் கையாலயே. அப்புறம் பலகையில ரத்து உத்தரவு. கோப்புல இருக்கற நகல இங்க, என் கையில. அப்புறம் கம்ப்யூட்டர்.”

படம் சாமான் அறையில், உடைந்த ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தது. ஸாமிர் அதைத் தன் சட்டைக் கையால் துடைத்தான். தன் படத்தை இறக்கி, அக்காவின் படத்தை மாட்டினான். அடர்சிவப்பு மறைந்துபோனது. “வலது பக்கம் தாழ்ந்திருக்கு” என்றார் அக்கா. சரிசெய்தான். “இப்ப ஏறிப்போச்சு.” மறுபடி சரிசெய்தான். அந்தப் படத்தை ஐந்து தடவை நேராக்கினான். ஐந்தாவது தடவை அது முதலில் இருந்த மாதிரியேதான் இருந்தது.

ரத்து உத்தரவை அக்காவே தட்டினார், இயக்குநர் கையெழுத்திட்டார். பதினொன்று இருபதுக்குக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். பத்து விரலும் விசைகள் மேல், கண் சுவரில். ஒரு வரியில் மூட்டை பிரிந்தது. இன்னொரு வரி, பாஸ்வேர்டு, பிறகு எழுத்துகள் பட்டி வாசலில் எண்ணி விடுகிற ஆடுகளைப் போல வரிசையாக இறங்கின. அது ஓடும்போதே எழுந்து அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனார். பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது பதினொன்றும் முடிந்தன. குழு வந்தது, படிவங்களைத் திறந்து பார்த்தது, ஒரு குறையும் இல்லாமல் போனது.

பிறகு அக்கா தேநீர் போட்டார். சுயுன்பெக்குக்கு விளிம்புவரை ஊற்றினார். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார். ஸாமிருக்கு விளிம்புக்கும் மேலே, ஊதினால் வழியும்படி ஊற்றினார். அவன் நின்றுகொண்டே, நாக்கு சுடச்சுடக் குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்தான். அடுத்த வியாழக்கிழமை வரவில்லை. வேறு ஆள் தேடுகிறார்கள்.

மேசை மேசையாகக் கெண்டியோடு வந்தார். என்னிடம் வந்ததும் நான் சந்தோஷமாகக் கிண்ணத்தை நீட்டினேன். ஒரு வருடத்துக்கும் மேலாக ரகசியத்தைக் காத்தவள் அல்லவா? தேநீர் ஏறியது. பாதியில் நிற்கவில்லை. விளிம்பைத் தொட்டு, என் கட்டைவிரலைச் சுட்டது.

“அக்கா... எனக்குமா?”

“மொதல்ல சிரிச்சது நீதானே, தாமாரா” என்றார் அக்கா, கோபமே இல்லாமல். “குடி. ஆறிடும்.”