என் பெயரில் ஓடிய வண்டி

போன வருடம் ஆடி மாதத்தில் நடந்தது இது. காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். மதியம் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு மெசேஜ். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டியதற்கு அபராதம் கட்டச் சொல்லி வந்திருந்தது. என் பைக் கம்பெனி ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதவன் நான். இப்படி மெசேஜ் அனுப்பித்தான் பேங்கில் இருப்பதை வழித்துவிடுகிறார்கள் என்று எல்லோரும் சொல்வதால் அழிக்கப் போனேன். இதற்கு முன்பும் இந்த மாதிரி சிலவற்றைப் படிக்காமலே அழித்திருந்தேன்.

பக்கத்தில் இருந்த நண்பர்தான் தடுத்தார். "இரு இரு, வண்டி நம்பரைப் பாரு. உன்னுதா அது?"

பார்த்தேன். என்னுடையதுதான். ஆனால் இப்போது இருக்கும் பைக் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு விற்ற பழைய மொபெட்.

சாயங்காலம் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் வண்டி நம்பரை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "அஞ்சு இருக்குது சார்" என்றாள். ஐந்துமே ஹெல்மெட் இல்லாததற்கு. வண்டியை நிறுத்தாமல், போலீஸ்காரர் தூரத்திலிருந்து போட்டோ எடுத்துப் போட்டவை. முதலாவது கவரைப்பேட்டையில். மற்ற நான்கும் புதுவாயல் கூட்டுரோட்டில், காலை ஏழிலிருந்து ஏழரைக்குள். புதுவாயல் போட்டோக்களில் என் மொபெட் தெரிந்தது. முன்பக்கம் பெரிய பாத்திரம், பின்னால் ஒரு கூடை. ஓட்டுபவர் ஒரு பெண் என்பது மட்டும் தெரிந்தது. முகம் சரியாக விழவில்லை. ஆர்.சி.யில் இன்னும் என் பெயர், என் போன் நம்பர். இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அபராதத்தைவிட அந்தக் கடைசி விஷயம்தான் பயமுறுத்தியது. அந்த வண்டி யார் மேலாவது ஏறினால் நஷ்டஈடு கேட்டு என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள் என்று நண்பர் சொன்னார். வண்டியை வாங்கிய வியாபாரியிடம் அன்றைக்கே பெயர் மாற்றும் ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். பெயர் மாற்றினாரா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது தேடிப் போனால் அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

என் கோபமெல்லாம் போட்டோவில் இருந்த அந்தப் பெண் மேல் திரும்பியது. அடுத்தவன் பெயரில் வண்டியை வைத்துக்கொண்டு, அபராதம் தன் தலையில் விழாது என்ற தைரியத்தில் ஹெல்மெட் இல்லாமல் சுற்றுகிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

வார லீவு அன்று விடியற்காலையில் கிளம்பி, பெரியபாளையம் வழியாகப் புதுவாயலுக்குப் போய்க் கூட்டுரோட்டில் நின்றேன். அந்த நேரத்தில் அங்கே கம்பெனி பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும் லாரிகளும் ஒன்றையொன்று முட்டாத குறை. முதல் வாரம் ஏமாந்து திரும்பினேன். இரண்டாவது வாரம் டீ கிளாஸைக் கையில் வாங்கியபோது அந்த நம்பர் கண்ணில் பட்டது. கூட்டத்தில் மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

கிளாஸை வைத்துவிட்டு ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். பிடித்திருக்கக் கூடாது. வண்டி ஒருபக்கம் சாய, பின்னால் மாட்டியிருந்த தூக்கு கழன்று ரோட்டில் விழுந்தது. சூடான சாம்பார் மொத்தமும் தாரில் ஓடியது. அந்தப் பெண் காலை ஊன்றி, இட்லிப் பாத்திரத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டதால் அது மட்டும் தப்பியது.

முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் கத்த ஆரம்பித்தேன். இது என் வண்டி, திருட்டு, ஏமாற்று வேலை, போலீஸ் என்று என்னென்னவோ சொன்னேன். கூட்டம் கூடிவிட்டது. அவர் பதிலுக்குக் கத்தவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதிலிருந்த ஆர்.சி. ஜெராக்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் பெயரையும் என் அப்பா பெயரையும் படித்துவிட்டு, "இது நீங்கதானா சார்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"உங்கள தேடிக்கினு மூணு தபா திருவள்ளூருக்கு வந்தேன் சார். நீலக் கலர் கேட்டு ஊடு. காலி பண்ணிட்டாங்க, எங்க போனாங்கன்னு தெரியலன்னு சொல்லிட்டாங்க. எதிர்ல பால் கடையிலகூட கேட்டேன்."

அது நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த வீடு. எதிரே பால் கடை இருப்பதும் உண்மை. காக்களூர் பக்கம் குடிவந்தபின் ஆர்.சி.யிலோ ஆதாரிலோ நான் விலாசம் மாற்றவே இல்லை.

அவர் கதை நாலு வரிதான். ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவரை நிறுத்திவிட்டார்கள். கையில் இருந்ததை வைத்து, புதுவாயலில் ஒருவரிடம் இந்த வண்டியை வாங்கினார். கவரைப்பேட்டையிலிருந்து புதுவாயல் பக்கத்துக் கம்பெனிகளுக்கு நாஷ்டா கொண்டுபோய் விற்கிறார். பெயர் மாற்றப் போனால், பழைய ஓனர் போனுக்கு ஓ.டி.பி. போகும், அவரைக் கூட்டி வா என்றிருக்கிறார்கள். பெயர் மாறிய பிறகு இன்சூரன்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பிக் காத்திருக்கிறார். அபராதம் விழுந்ததே அவருக்குத் தெரியாது. எல்லா மெசேஜும் எனக்குத்தானே வந்தது! நான்தானே அழித்தேன்!

அதற்குள் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்ன பிரச்சினை என்றார். ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் வண்டியைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்றிருப்பேன். "ஒண்ணுமில்ல சார், தெரிஞ்சவங்கதான். சாம்பார் கொட்டிடுச்சு" என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, அந்தப் பெண்ணின் தலையைப் பார்த்தார். "ஹெல்மெட் எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே கையிலிருந்த மெஷினில் நம்பரை அடித்தார். சட்டைப் பையில் என் போன் கிர்ரென்றது. ஆறாவது மெசேஜ். எடுத்துப் போலீஸ்காரரிடம் காட்டினேன். அவர் முழிக்க, அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் சிரித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. ஷிப்டு விடும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. காலித் தூக்கை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். என் ஹெல்மெட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, என் பைக்கைத் தள்ளிக்கொண்டே போனேன் என்று சொன்னால் பொய். அவ்வளவு பெரிய மனசெல்லாம் அந்த நேரத்தில் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் என் பைக்கில் அவர் பின்னாலேயே போனேன்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே இருபது இருபத்தைந்து பேர் காத்திருந்தார்கள். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்த முகங்கள். அவர் இட்லியை எடுத்து வைக்க ஆரம்பித்ததும் ஒருவர், "இன்னாக்கா, சாம்பார் எங்க?" என்று கேட்டார். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு கையை என் பக்கம் நீட்டியிருந்தால் போதும், அத்தனை பேரும் என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார்கள்.

"இன்னிக்கு சட்னிதான்பா. வர்ற வழியில கை தவறிடுச்சு" என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே.

சிலர் முணுமுணுத்தார்கள். பாதிப்பேர் வேறு கடைக்குப் போனார்கள். மிச்சப்பட்ட இட்லியை அவர் மூடி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரோட்டில் அத்தனை பேர் முன்னால் அவரைத் திருடி என்று கத்தியவன் நான். வாழ்க்கையில் அப்படிக் கூசிப்போய் நின்றதில்லை.

பணத்தை நீட்டினேன். சாம்பாருக்கும் மிச்ச இட்லிக்கும் ஆனதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார். ஆறு அபராதத்தையும் நானே கட்டிவிடுகிறேன் என்றபோது வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"ஹெல்மெட் போடாதது நான்தானே சார்? அத நான் கட்டுறேன். நீங்க அட்ரஸ் மாத்தாதது உங்க தப்பு. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க."

தேதியைச் சரிபார்த்ததில் கவரைப்பேட்டையில் விழுந்த முதல் அபராதம் அவர் வண்டியை வாங்குவதற்கு முந்தையது என்று தெரிந்தது. ஓட்டியவர் யாரோ. அதை நான் கட்டினேன். மற்றதை அவர் இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகக் கட்டினார். ஒவ்வொன்று கட்டும்போதும் என் போனுக்கு ரசீது வரும். எல்லாம் தீர்ந்த பிறகு ஒரு நாள் லீவு போட்டு, அவரோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். புது இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் கையில் வைத்திருந்தார். தலையில் புது ஹெல்மெட்டும் இருந்தது. வரிசையில் நிற்கும்போது எப்போது சாரை விட்டு அண்ணாவுக்கு மாறினார் என்று கவனிக்கவில்லை. ஓ.டி.பி. வந்தது. எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். வண்டி அவர் பெயருக்கு மாறியது. வெளியே வந்ததும், "பேஜாரு ஒழிஞ்சுதுண்ணா" என்றார். அன்றைக்கே ஆதாரில் என் விலாசத்தையும் மாற்றினேன்.

இப்போதும் ஒருவர் நம்மை ஏமாற்றிவிட்டார், கண்ணில் படாமல் திரிகிறார் என்று எனக்குக் கோபம் பொங்குவதுண்டு. அப்போதெல்லாம், அவரும் நம்மைத் தேடி எந்தக் கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாரோ என்று ஒரு நிமிடம் யோசித்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.