பிரசங்க நேரத்தில் வந்த காய்கறி வண்டி

எங்கள் ஊருக்கு அரசாங்கத்தின் காய்கறி வண்டி முதலில் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. ஒவ்வொரு முறையும் காலை பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குப் போனது. அந்த ஒரு மணி நேரமும் ஊரே ஆலயத்துக்குள் இருந்தது. ஒரு நல்ல திட்டத்தை இதைவிடக் கச்சிதமாக வீணாக்க யாராலும் முடியாது.

சிதறாலைத் தாண்டி மேட்டில் இருக்கிறது ஊர். நூற்று நாற்பத்திரண்டு வீடுகள். அதில் நூற்று முப்பத்தொன்று ஒரே சபையைச் சேர்ந்தவை. சுற்றிலும் ரப்பர். அந்த நிழலில் ஒரு கத்தரிச்செடிகூடத் தேறாது. ரப்பர் நட்டவர்களில் நானும் ஒருவன், நூற்றெண்பது மரம், ஆகவே மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருப்பது ஒரே கடை. அங்கே பதினேழு வகை பிஸ்கட் உண்டு. காய்கறி என்று கேட்டால் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான். மார்த்தாண்டம் சந்தைக்குப் போகக் காலையில் ஒரு பஸ், திரும்பி வர மாலையில் ஒரு பஸ். முப்பத்தோரு ஆண்டு பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். நான் வேலையில் இருந்தபோது இந்த ஊருக்கு ஆறு நடை ஓடியது.

என் மனைவிக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் ஒரு தாளில் வட்டம் போட்டு, அதை இரண்டாகப் பிரித்து, "அம்மா, இந்தப் பாதி முழுக்கக் காய்கறி, கீரை" என்றார். அந்தத் தாள் எங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து அவள் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீனும் தின்றாள். வேறென்ன செய்வாள்? மீனாவது வீட்டு வாசலுக்கு வருகிறது.

ஊருக்குக் காய்கறி வர வழி கேட்டு ஏழு மனு எழுதினேன். ஏழு திங்கட்கிழமை, மூன்று பஸ் மாறி நாகர்கோவில் போய், கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று கொடுத்தேன். வண்டி வந்தது. தொடங்கிவைத்தது ஒரு புதன்கிழமை. ரிப்பன் வெட்டினார்கள், பதினொரு பேர் போட்டோ எடுத்தார்கள். நாற்பது நிமிடத்தில் வண்டி காலி. மனைவி பயத்தங்காயும் தடியங்காய் என்கிற வெள்ளைப் பூசணியும் கீரையுமாக இரண்டு பை நிறைய வாங்கினாள். பிறகுதான் வாராந்திர நாளை அறிவித்தார்கள்: ஞாயிறு.

வண்டியை அனுப்பும் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"ஞாயித்துக்கிழமைதானே சார் எல்லாரும் வீட்ல இருப்பாங்க?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"எங்க ஊர்ல அன்னைக்குத்தான் சார் யாரும் வீட்ல இருக்கமாட்டாங்க."

"எங்க போவாங்க?"

"சர்ச்சுக்கு."

"எல்லாருமா?"

"காய்ச்சல்காரங்களும் கைக்குழந்தைகளும் நீங்கலா."

ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ரூட் சார்ட் மேல இருந்து அப்ரூவ் ஆகி வந்தாச்சு சார்" என்றார்.

குளச்சலிலிருந்து பைக்கில் மீன் கொண்டுவருபவர் எந்தத் தேர்வும் எழுதி வேலைக்கு வந்தவர் அல்ல. அவர் ஞாயிறு என்றால் ஆறரைக்கே வந்து ஹாரன் அடிக்கிறார். அவருக்கு ரூட் சார்ட்டை யார் அப்ரூவ் செய்தது?

சபைக் கமிட்டியிலும் கேட்டுப் பார்த்தேன். வண்டி வருமுன் முடியும்படி ஆராதனையை எட்டு மணிக்குத் தொடங்கினால் என்ன? கமிட்டியின் மூத்தவர், என்னோடு பள்ளியில் படித்தவர், பாய்ந்தார். "ஒரு கத்தரிக்கா வண்டிக்கு ஆராதனைய மாத்தவா? வெள்ளக்காரன் காலத்துல வச்ச நேரமாக்கும். போறா‍ததுக்கு ஓய்வுநாள்ல வாங்கலும் விக்கலுமா?"

அதே மனிதர் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களின் ஏலத்தில் நின்றார். ஒரு மத்தங்காய், மஞ்சள் பூசணிதான், நான்கு பேர் போட்டி போட்டு நானூற்றைம்பது ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் அவர். அரை மணி நேரத்துக்கு முன்னால் ஆலய மதிலுக்கு வெளியே அதைப் போல ஆறு மத்தங்காய்கள் கேட்பாரில்லாமல் வந்த வழியே போயிருந்தன. நான் இதைச் சொன்னபோது, "அது காணிக்கை வேய், இது வியாபாரம்" என்றார். காலை ஆறரைக்கு அவர் வாங்கிய சாளை மீன் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டேன். மத்தங்காயைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

எட்டாவது ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில் இருமுவதுபோல வெளியே போனேன். வண்டிக்காரர் ஸ்டியரிங்மேல் ஒரு படிவத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரத்தோட சரிங்கய்யா. யாவாரமே இல்ல. ரிப்போர்ட் போகுது."

வாங்கிப் படித்தேன். 'இப்பகுதி மக்களிடையே காய்கறி உண்ணும் ஆர்வம் இல்லை' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அவர் அதன்மேல் டிக் மட்டும் போட்டிருந்தார். ஏழு மனு எழுதியவனின் ஊருக்கு ஆர்வம் இல்லையாம்! படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவரைத் திட்டி என்ன பயன்? அச்சடித்தவர்கள் வேறு யாரோ. உள்ளே வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொதித்துக் கொதித்துச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "வண்டிப் பக்கத்துல எவ்வளவு நேரம் நின்னிய?" என்றாள்.

"ஆறு நிமிஷம்."

"அப்பம் ஒரு கட்டு கீரை வாங்கல்லியா?"

கையில் கீரைக்கட்டோடு ஆலயத்துக்குள் எப்படி நுழைவது என்றுதான் வாங்கவில்லை. அதை விட்டுவிட்டு, ரிப்போர்ட்டைப் பற்றியே மறுபடி சொன்னேன்.

"நீங்க எட்டாவது மனு எழுதுங்க" என்றாள். அந்த வாரம் அவளுக்குச் சர்க்கரை முந்நூற்று நாற்பது.

ஒன்பதாவது ஞாயிறு. பிரசங்கியார் மூன்றாவது குறிப்புக்கு வந்திருந்தார். வெளியே ஒலிபெருக்கி, "வெண்டைக்காய், தடியங்காய், தண்டுக்கீரை" என்றது. பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் என் மனைவி எழுந்தாள். பைபிள் பைக்குள்ளிருந்து ஒரு துணிப்பையை உருவி உதறினாள். அந்த உதறல் சத்தம் ஆலயம் முழுக்கக் கேட்டது. நடுப்பாதையில் இருபத்திரண்டு எட்டு வைத்து வெளியே போனாள். ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போகும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. பிரசங்கியார் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினார். நான் எழுந்தேன். முழங்கால் வலியில் நான் வாசலுக்குப் போவதற்குள் ஐந்து பெண்கள் என்னைத் தாண்டிப் போயிருந்தார்கள். மொத்தம் பதினாறு பேர். மத்தங்காய் ஏலம் எடுத்தவரின் மனைவியும் அதில் ஒருவர்.

"மக்கா, கீரை எத்தன கட்டு இருக்கு?" என்று வண்டிக்காரரைக் கேட்டாள் என் மனைவி.

"ஏழு, அம்மா."

"ஏழையும் எடுத்து வையி."

"ஏட்டி, ஏழும் ஒனக்கா? எனக்க வீட்டுலயும் சுகருகாரன் ஒருத்தன் உண்டு!" என்றார் மத்தங்காய்க்காரரின் மனைவி. மூன்றும் நான்குமாகப் பிரித்துக்கொண்டார்கள். உள்ளே பிரசங்கியார் மறுபடி தொடங்கும் குரல் கேட்டது. வண்டிக்காரர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

பதினெட்டு நாள் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மக்களின் ஆர்வம் அதிகரித்துள்ளதால் சேவை மூன்று மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறதாம். நாள்: ஞாயிறு. நேரம்: காலை பத்து முதல் பதினொன்று வரை. இரண்டு முறை படித்தேன். மனைவி கண்ணாடி போட்டு ஒரு முறை படித்துவிட்டு, "கெடக்கட்டும், வண்டி வருதுல்லா" என்றாள்.

போன பரிசோதனையில் அவளுக்கு இருநூற்று முப்பத்தாறு. நாங்கள் இப்போது கடைசி பெஞ்சில், அவள் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம், பையோடு உட்காருகிறோம். ஆறு வாரமாக ஒரு பிரசங்கத்தின் முடிவும் எனக்குத் தெரியாது. நாளை மாற்றக் கேட்டு எட்டாவது மனுவை எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும்.