சிங்கவாய்க்கு வைத்த பொட்டு

போன வாரம் போனில் பிரான்ஸ் தேசத்துப் பழைய மாதா கோயில் ஒன்றின் படம் பார்த்தேன். கூரையைச் சுற்றி வாயைப் பிளந்த கல் மிருகத்தலைகள். அங்கே அவற்றைப் போற்றிப் பாதுகாக்கிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்திலும் அப்படி ஒரு மாதா கோயில் உண்டு. வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டியது. நுனி கூராக முடியும் ஜன்னல் வளைவுகள், சுவருக்கு வெளியே முட்டுக்கொடுத்த கல் தூண்கள், பின்பக்கக் கூரை மூலையில் ஒரே ஒரு சிங்கத்தலை. கூரைத் தண்ணீர் சுவரில் வழியாமல் அதன் வாய் வழியே தூரப்போய் விழும்.

அத்தைக்கு அது முனி. அப்பா கலியாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர். அவருடைய அக்காவான அத்தை சேரவில்லை. ரப்பர் பால் வெட்டப் போகிற பாதையில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் ஏறினால் சிங்கத்தலை கைக்கெட்டும். ஒரு வெள்ளிக்கிழமை அதன் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பூசையில் முதல்முறையாக நற்கருணை அப்பம் பெறும் முதல் நன்மை வாங்க ஒரு வாரம்தான் இருந்தது. எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் பொட்டைப் பார்த்து ஆடித் தீர்த்தார்.

"பேய் மூஞ்சிக்குப் பொட்டா? ஒடைச்சிப் போடுங்க!"

"அது தண்ணி துப்புற வாய்ங்க ஐயா," என்றேன்.

வகுப்பு முடியும்வரை முழந்தாளில் நிறுத்தினார். கோயிலைக் கட்டியவரே வைத்த தலை எப்படிப் பேயாகும்? கேட்க ஒரு பெரிய மனிதருக்கும் வாய் வரவில்லை. சம்மட்டியால் நாலு அடி. தலை மேட்டில் உருண்டது.

மூன்றாம் நாள் மழை. எங்கள் பக்கத்து மழையைச் சொல்லவா வேண்டும்! தண்ணீர் முழுவதும் சுவரோடு இறங்கி, பீடத்துக்குப் பின்னால் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்தது. எல்லாம் அந்தப் பொட்டினால் வந்த சாபம் என்றார் உபதேசியார், கொஞ்சமும் கூசாமல்.

சனிக்கிழமை அத்தை வாளியோடு வந்தார். விழுந்த காரையை அள்ளிக் கொட்டி, தரையைக் கழுவி, எல்லார் முன்னாலும் உபதேசியாரைக் கும்பிட்டார்.

"தெரியாம செஞ்சிட்டேங்க ஐயா. மன்னிச்சிக்கிடுங்க."

என்ன தெரியாமல்? சம்மட்டி எடுத்தவர்கள் நிமிர்ந்து நிற்க, இவர் ஏன் குனிய வேண்டும்? அத்தைக்கு ரோஷமே இல்லையென்று கொதித்தேன். மறுநாள் வெள்ளைக் கவுனோடு நன்மை வாங்கி வெளியே வந்தேன். வாசலுக்கு வெளியே காத்திருந்த அத்தை என் கன்னத்தைத் தொட வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

எதிர்த்துப் பேசியதற்காக நன்மைப் பட்டியலில் என் பெயரை உபதேசியார் வெட்டியிருந்தார் என்பதும், அத்தை கும்பிட்ட பிறகே அதை மறுபடி எழுதினார் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.