பள்ளத்து ரூம் பைப்

எங்கள் வீட்டில் ஒரு பாத்ரூம் பாதியில் நிற்கிறது. பாதி என்பதுகூட அதிகம். தரையிலிருந்து இரண்டு பைப் வாய்கள் எழும்பி நிற்கின்றன. சுவரில் டம்மி போட்டு அடைத்த குழாய் முனை ஒன்று. தடுப்புச் சுவர் இல்லை, கதவு இல்லை, டைல்ஸ் இல்லை.

திருவிடந்தையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் மனை. முன்பக்கம் மேடு, பின்பக்கம் சரிவு. மண் கொட்டி நிரப்புவதற்குப் பதில் அந்தப் பள்ளத்திலேயே, பாதி பூமிக்குள் இருக்கிற மாதிரி ஓர் அறை எடுத்தோம். பள்ளத்து ரூம் என்று பெயர். வீடு எழும்பும்போதே அது தனக்குத்தான் என்று என் மகன் சொல்லிவிட்டான்.

காரணம் குளியல். வாடகை வீட்டில் ஒரே பாத்ரூம். உள்ளே போனானென்றால் வரமாட்டான். பாடத் தெரியாது, வாயை மூடிக்கொண்டு ராகம் இழுப்பான். நான் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். கதவைத் தட்டித் தட்டி என் கைதான் வலிக்கும். "நைனா, கீழ எனக்குன்னு தனியா ஒரு பாத்ரூம் போட்டுக் குடு. உனக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் பேஜாரு இல்ல" என்றான்.

பாத்ரூமைப் பிறகு கட்டிக்கொள்ளலாம், பைப் மட்டும் இப்போதே புதைக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. காங்கிரீட் போட்ட தரையை உடைப்பது எமகாதக வேலையாம். அதனால் கக்கூஸுக்கு நாலு இஞ்ச் பைப், குளிக்கிற தண்ணீர் போக அதைவிட ஒல்லியாக ஒன்று, இரண்டையும் வாட்டம் பார்த்துப் புதைத்தார்கள். பெரிய பைப்புக்கு மூடி போட்டார்கள். ஒல்லிக்கு மூடி இல்லை. வெறும் சிமெண்ட் சாக்கைச் சுருட்டி அதன் வாயில் திணித்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போன பிளம்பர் போனவர்தான்.

குடிவந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. கோவளத்துக்குப் பக்கத்தில் பைக்கில் போன மகனை லாரி அடித்துவிட்டது.

அதற்குப் பிறகு என் மனைவி அழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே துணி ஊறவைத்தாள், குழம்பு வைத்தாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் கேஸ் சிலிண்டர் பற்றிப் பேசினாள். இவளெல்லாம் ஒரு தாயா என்று எனக்கு ஆத்திரம். வாயால் சொல்லவில்லை, முகத்தில் காட்டினேன். சாப்பாடு, மருந்து, கரண்ட் பில், இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை.

ஒரு காலையில் ஏணி எடுக்கப் பள்ளத்து ரூமுக்குப் போனேன். ஒல்லி பைப்பிலிருந்து சத்தம் வந்தது. யாரோ வாயை மூடிக்கொண்டு ராகம் இழுக்கிற மாதிரி, விட்டு விட்டு. கூடவே தண்ணீர் விழுகிற ஓசை. குளிக்கிறான். கட்டாத பாத்ரூமில் என் பிள்ளை குளிக்கிறான்.

பயந்துதான் போனேன். ஆனாலும் மறுநாள் போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். பைப்புக்கு எதிரே குந்தி, சாக்கில் காதை வைத்துக்கொள்வேன். சில நாள் சத்தம் வராது. அன்று ஆபீசில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. அழாதவளிடம் அவன் எதற்கு வர வேண்டும்? எனக்கு வருகிறான், எனக்கு மட்டும் வரட்டும் என்று இருந்தேன்.

நாற்றத்தால் எல்லாம் கெட்டது. ஐப்பசி மழை விட்டதும் பள்ளத்து ரூமிலிருந்து சாக்கடை வாடை மேலே ஏறியது. "இன்னாங்க, வூடே நாறுது. கீழ கீற பைப்ப இன்னான்னு பாருங்க" என்றாள் மனைவி. நான் தட்டிக்கழித்தேன். அதை மூடிவிட்டால் அவன் எங்கே போவான்? அவளே ஒரு பிளம்பரை வரச் சொல்லிவிட்டாள். பத்து மணிக்கு வருகிறேன் என்றவர், எந்தப் பிளம்பரும் செய்யாத காரியமாக, முன்னாலேயே வந்து நின்றார். அவள் அப்போதுதான் மேலே குளிக்கப் போயிருந்தாள்.

"இன்னொரு நாள் பாக்கலாமே" என்றேன்.

"இன்னா சார், ரெண்டு நிமிஷ வேல" என்று சாக்கைப் பிடித்து உருவிவிட்டார்.

தண்ணீர்ச் சத்தம் பளிச்சென்று கேட்டது. அதோடு குரல். ராகமே இல்லை. வாயில் துணியை அழுத்திக்கொண்டு "கண்ணு, எங் கண்ணு" என்று அழுகிற குரல். என் மனைவியின் குரல்.

பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, "மேல பாத்ரூம் தண்ணி எறங்குற பைப்பும் இதுவும் அடியில ஒண்ணாதான் சேருது சார். மேல ட்ராப்பே வெக்காம நேரா வுட்டுட்டாங்க. ட்ராப் வெச்சா அதோட வளைவுல தண்ணி நிக்கும், வாடை வராது. சத்தமும் வராது. வெச்சிரட்டா?" என்றார்.

அந்தப் பைப்பில் என் பிள்ளை ஒரு நாளும் இருந்ததில்லை. இத்தனை நாளும் நான் குந்தியிருந்து கேட்டது அவள் அழுததை. கேட்டுவிட்டு நிம்மதியாக ஆபீசுக்கு வேறு போயிருக்கிறேன்.

"வெச்சிருங்க" என்றேன்.

மேலே ஏறிப் போனேன். மகனுக்குத் தட்டுகிற மாதிரியே பாத்ரூம் கதவைத் தட்டினேன். தண்ணீர் நின்றது.

"இன்னா?" என்றாள், எப்போதும் போலவே.

"கதவத் தொற."

"இருங்க, குளிச்சிக்கினு கீறேன்."

"நீ குளிக்கல. தொற. நானும் அழணும்."

உள்ளே தாழ்ப்பாளைத் தள்ளினாள்.