திலகவதி வரைந்த முந்தானை

ஆரணியில் கமலக்கண்ணன் அண்ணனைப் போல ரகசியம் காக்கிற டிசைனர் கிடையாது. பட்டுப்புடவைக்கு பார்டரும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்து, தறியில் அந்த டிசைன் விழுவதற்கான ஜக்கார்டு துளை அட்டை அடிக்கக் கொடுப்பது அவர் தொழில். ஒரு முதலாளியின் டிசைன் அடுத்த கடைக்குக் கசிந்தால் மறுநாளே பெயர் கெட்டுவிடும். அதனால் பென்டிரைவில்கூட நகல் வைக்க மாட்டார். தாளில் போட்டுப் பார்த்ததையும் கிழித்துவிடுவார். பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நான் இதற்காக அவரை நிறையக் கேலி செய்திருக்கிறேன்.

அவர் மனைவி திலகவதியும் அதே கம்ப்யூட்டரில்தான் வரைவார். போன வருஷம் புற்றுநோயில் இறப்பதற்கு முன், உட்கார முடியாத உடம்போடு, மகள் தேவிப்ரியாவின் முகூர்த்தப் புடவைக்கு ஒரு முந்தானை வரைந்து முடித்தார். கல்யாணத் தேதி குறித்ததும் அட்டை அடிக்கலாம் என்று அண்ணன் அந்த ஃபைலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

டிசைன் சாஃப்ட்வேர் யானை விலை. ஊரில் பாதிப் பேரிடம் ஓடுவது திருட்டுப் பிரதிதான். அண்ணனுக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். வைகாசியில் புதுப் பிரதி ஒன்றை இறக்கினேன். வைரஸ் தடுப்பை அணைத்தால்தான் ஏறும் என்று அதில் போட்டிருந்தது. அணைத்தேன். படித்த முட்டாள் என்றால் அது நான்தான்.

மூன்றாம் நாள் எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டது. பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் திறந்தது. வேலூரிலிருந்து கம்ப்யூட்டர் செக்யூரிட்டி கம்பெனிக்காரர் சந்திரமோகன் வந்து பார்த்தார்.

"சாவி திருடங்ககிட்டதாங்க இருக்கு. வேற எங்கனா காப்பி வெச்சிகினு இருக்கீங்களா?"

அண்ணன் தலையை ஆட்டினார். இல்லை.

"எப்டிங்க உள்ள வந்துச்சி?"

"நான்தாங்க இன்னாத்தையோ தொட்டிருப்பேன்" என்றார் அண்ணன். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குப் பேசாமல் இருந்ததை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சந்திரமோகன் வேண்டாம் என்று சொல்லியும், அண்ணன் திலகவதியின் சங்கிலியை விற்றுத் திருடர்கள் கேட்ட பணத்தை அனுப்பினார். பதில் வரவே இல்லை.

ஆவணியில் தேவிப்ரியா கடையில் எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். பந்தியில் அண்ணன் என் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"நல்லா சாப்புடுப்பா. என்னோட தப்புக்கு உன்னையும் பேஜார் பண்ணிட்டேன். மனசுல வெச்சிக்காத."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லுங்கண்ணா" என்றேன்.